அம்பயர் ஏறின டாக்ஸி

ஓம் தம்பி, பேஸ்போல் எண்டா எனக்கு விசர்தான். சிரிக்காதேங்கோ. ஜேர்மனியிலை, இந்த வுப்பர்டால் ஊரிலை கிரிக்கெட்டை விட்டிட்டு இதைப் பாக்கிற தமிழன் நான் ஒருத்தன்தான் எண்டு தமிழ்க் கடையிலை நக்கலடிப்பாங்கள். அடிக்கட்டும்.

அகதியா வந்து காம்பிலை கிடந்த காலம், பக்கத்திலைதான் இந்த ஊர் பேஸ்போல் கிளப்பின்ரை கிரவுண்ட். வேலை செய்ய விடமாட்டாங்கள், பாசையும் விளங்காது. வேலியைப் பிடிச்சுக்கொண்டு நிண்டு பாப்பன். ஒருநாள் ஒருத்தன் அடிச்ச பந்து வேலிக்கு மேலாலை பறந்துது பாருங்கோ, ஐயோ, எனக்கு விசா கிடைச்ச மாதிரித் துள்ளினன். அண்டையிலையிருந்து இவங்கள்தான் என்ரை ஆக்கள்.

வெண்டா ஒரு கிழமைக்குச் சோறு தண்ணி வேண்டாம். தோத்தா மனுசி என்ரை பக்கமே வரமாட்டா. போன வருசம் ஒரு மட்ச் தோத்து, கிரவுண்ட் வாசல்லை இருந்து குழறினன். அப்பாவின்ரை செத்தவீட்டிலைகூட நான் அப்பிடி அழேல்லை.

இண்டைக்குத் தோத்தா லீக்கிலையிருந்து இறக்கிவிடுவாங்கள், கிளப்பையும் இழுத்து மூடீடுவாங்கள். எங்கடை மிதுஷன், பந்து எறியிறவன், தோள் வீங்கிப்போய் வீட்டிலை படுத்திருக்கிறான். ரெண்டு கிழமையிலை சுகமாகீடும். ஆனா மட்ச் இண்டைக்கெல்லோ. அவன் இல்லாட்டி எங்கடை கதை முடிஞ்சுது.

என்ன, கிரவுண்ட் மற்றப் பக்கமோ? ஓம், அங்காலை றோட்டு வேலை நடக்குது. சுத்தித்தான் போகவேணும். யோசியாதேங்கோ.

நீங்கள் நல்ல பிள்ளை. ஏறின உடனை எந்த ஊர், ஆற்றை மோன், எங்கை போறியள் எண்டு கேட்டன். வெள்ளைக்காரன் கேட்டிருந்தா வாய் திறந்திருக்க மாட்டியள். தமிழாள் கேட்டதெண்டு எல்லாத்தையும் கொட்டினியள். ஞானப்பிரகாசத்தின்ரை மோன், ஆஹெனிலையிருந்து வாறன், இண்டைக்கு நான்தான் அம்பயர், மற்றவருக்குக் காய்ச்சல், வேற ஒருத்தரும் இல்லை எண்டு.

ஓம், இது ஔட்டோபான்தான், ஊருக்கு வெளியிலை போற பெரிய றோட்டு. கதவை நான்தான் லொக் பண்ணினனான். கையை எடுங்கோ தம்பி, இந்த ஓட்டத்திலை திறந்தா என்னாகும்? அந்தப் போனையும் இஞ்சை தாங்கோ. தாங்கோ எண்டு சொல்லுறனெல்லே.

அப்பிடி. பயப்பிடாதேங்கோ, கண்ணாணை உங்களை ஒண்டும் செய்யமாட்டன். கொப்பர் ஞானப்பிரகாசத்தை எனக்குத் தெரியும். கேர்ண் எண்ட ஊர்ப் பக்கம் ஒரு நல்ல தமிழ்ச் சாப்பாட்டுக்கடை இருக்கு, வடிவாச் சாப்பிடுவம். பின்னேரம் எல்லாரும் வீட்டை போனாப் பிறகு நானே கொண்டுவந்து றெயில் ஸ்டேசனிலை விடுவன். காசும் வேண்டாம்.

அம்பயர் வராட்டி மட்சைத் தள்ளி வைப்பினம் எண்டு நீங்கள்தானே தம்பி சொன்னனீங்கள்.