திதிக்கு யார் வடை சுடுவது

அலோ... ஆமா அண்ணி, இராஜகுமாரிதான். பஸ்ஸுல பாட்டு அலறுது, கொஞ்சம் சத்தமா பேசுங்க... ஓ, பஸ் திகன டவுனுக்கு வந்தாச்சா? வாங்க, வாங்க. ஐயர் வந்துட்டார்.

ஆமா... ஆமா, திதி குடுக்க எம் பொண்ணு தர்ஷனாதான் ஒக்கார்றா... பக்கத்து வீட்டு சதீஸ் சொல்லிட்டானா? அவன் வாயில எது தங்கும்!

யுகேஷா? அடுப்படியில... நான் ஏவல அண்ணி. ஆஸ்பத்திரியில அப்பாவப் பாத்துக்கிட்டது தங்கச்சி, வருசத் திதியும் அவளே குடுக்கட்டும்னு அவனாத்தான் சொன்னான்...

நீங்க அனுப்புன வேட்டியா? கட்டியிருக்கானே... கழுத்துல. எண்ணெ தெறிக்குதாம்.

கத்தாதீங்க, பக்கத்து சீட்டுக்காரங்க எறங்கிப் போயிருவாங்க... ஐயரா? அவருக்கு மாத்தளையில இன்னொரு வீட்டுத் திதி இருக்காம். யாராச்சும் சீக்கிரம் ஒக்காந்தா போதும்ங்கிறார்.

என்னது? பொண்ணு பைக் ஓட்டுனா அடங்காதவ, பையன் வடை சுட்டா பொட்டையா? அப்ப நான் எதத்தான் அண்ணி ஒழுங்கா வளத்தேன்?

பாதி வழியிலயே எறங்கப் போறீங்களா? எறங்குங்க. அதுக்கு முன்ன ஒண்ணு கேளுங்க. ஒவ்வொரு தீவாளிக்கும் பார்சல் கட்டிக் கொண்டு போவீங்களே வடை, அது நான் சுட்டதில்ல. ஒங்க தம்பி சுட்டது... ஆமா, ஆமா, அவரேதான்! கேட்ல ஒங்க சத்தம் கேட்டா கரண்டிய என் கையில திணிச்சுட்டு, கதிரையில ஒக்காந்து பேப்பர விரிச்சிருவார். சில நேரம் தலகீழா... சாகுற வரைக்கும் ஒளிச்சார் அண்ணி. இவனும் ஒளிக்கணுமா?

அலோ?... அண்ணி?... அழுறீங்களா?

என்ன?... அவருக்கு வடை சுடப் பழக்குனதே நீங்களா?... தோட்டத்து லய வீட்டுலயா... ம்... மாமி தேயிலக் கொழுந்து எடுத்துட்டு வந்து பாத்தாங்களா... ம்... சுட்டது அவர், அடி மட்டும் ஒங்களுக்கா?... பொம்பளப்புள்ள நீ இருக்கையில தம்பிய ஏன் அடுப்புகிட்ட விட்டேன்னா...

ம்... சரி... சரி அண்ணி, எறங்காதீங்க, வாங்க... யுகேஷா? மாவு ஆட்டிட்டான்... ஐயோ, வெங்காயமா? திதிக்கா?... அவருக்குப் புடிக்கும், தெரியும்... ஆனா ஐயர் முன்னால... அண்ணி? அலோ?

வச்சிட்டாங்க.

டேய் யுகேஷ், வெங்காயம் நறுக்குடா. அத்த வர்றாங்க... டேய், எங்க ஓடுற? கரண்டி ஒன் கையிலயே இருக்கட்டும்.