மடிக் கிட்டாருக்கு ஒரு வேங்கைப் பலகை

பச்சை மரத்தில் கிட்டார் செய்தால் ஆறே மாதத்தில் வளைந்துவிடும், சார். பலர் அப்படித்தான் செய்கிறார்கள். நான் யாரையும் குறை சொல்வதில்லை.

தர்மபுரி சவுரியப்பன் கேட்டது மடியில் கிடத்தி, கம்பிகள்மேல் எஃகு உருளையை வழுக்கவிட்டு வாசிக்கிற கிட்டார். கிறிஸ்துமசுக்கு சர்ச்சில் வாசிக்க வேண்டுமாம். கடத்தூரில் அதைக் கையால் செய்கிறவன் நான் ஒருவன்தான். நன்றாகக் காய்ந்த ஒற்றைப் பலகை தேடினேன். எங்கள் வீட்டிலேயே இருந்தது. என் மாமனார் மாதையன் படுத்திருந்த கட்டிலின் தலைமாட்டுப் பலகை. எழுபது வருட வேங்கை. தட்டினால் வெண்கலம் மாதிரி பேசும்.

"என்ன மாப்ள, தட்டித் தட்டிப் பாக்கற? தேங்காயா வாங்கற?"

"இந்தப் பலகை வேணுங்க மாமா. வேற மாத்திப் போட்டுத் தரேன்."

"கல்யாணக் கட்டிலுடா இது. எனக்கப்புறம் என் மவன் மதியழகனுக்கு. நீ வேணா என்னை மடியில போட்டு வாசி."

எங்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம். உயிர் போகிற நேரத்தில் ஆளைத் தரையில் இறக்கிவிடுவோம். இறக்கினால் கட்டில் வீட்டுக்கு. கட்டிலிலேயே போய்விட்டால் அதை யாரும் வைத்துக்கொள்ள மாட்டார்கள், வெளியே தள்ளிவிடுவார்கள்.

கார்த்திகையில் மாமாவுக்கு மூச்சு இழுத்தது. என் மனைவி பானுமதி பாயை விரித்தாள். "ஏங்க, கால் பக்கம் புடிங்க, எறக்கிடலாம்."

"தரை சில்லுனு இருக்குது. பெரியவரை எதுக்குப் போட்டு வருத்தற?" என்றேன்.

இப்படி ஒரு மருமகனா என்று தெருவே சொன்னது. ஆனால் மறுநாள் மாமா எழுந்து உட்கார்ந்து களியும் கறிக்குழம்பும் கேட்டார்.

என் நிலைமையையும் பாருங்கள். கிறிஸ்துமசுக்கு இருபது நாள்தான். அறுக்க வேண்டும், இழைக்க வேண்டும், பாலிஷ் காய வேண்டும்.

அன்று மத்தியானம் பானுமதி ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். "மாப்ள, தலகாணியைக் கொஞ்சம் சரி பண்ணு" என்றார் மாமா. எடுத்தேன். முகத்தின்மேல் வைத்தேன். பசை போட்ட பலகையை அழுத்துகிற மாதிரி, அவசரமில்லாமல், ஒரே சீராக அழுத்தினேன்.

அரூரிலிருந்து வந்த மதியழகன் கட்டிலைத் தொடவே இல்லை. "மச்சான், இதை எங்கனா கொண்டுபோய்ப் போட்டுருங்க" என்றார். சொன்னதைச் செய்தேன்.

பலகையின் மேல்முகத்தில் புதிதாக நான்கு கீறல்கள் இருந்தன. நான் இழைத்து எடுக்கவில்லை. கைவேலை என்றால் தடம் தெரிய வேண்டும் என்பது என் கொள்கை. கிறிஸ்துமஸ் அன்று சவுரியப்பன் வாசித்தபோது பலர் கண்ணைத் துடைத்தார்கள். முடிந்ததும் பானுமதி கிட்டாரைத் தடவிப் பார்த்தாள். நான்கு கீறலிலும் நான்கு விரலை வைத்தாள்.

"இது எங்கப்பன் கைங்க" என்றாள். நேராக ஸ்டேஷனுக்கு, உங்களிடம்தான் வந்தாள்.

அவள் மேல் எனக்குக் கோபமில்லை. ஒன்றை மட்டும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள், சார். மாமாவின் இன்னொரு கை என் மணிக்கட்டைப் பிடித்திருந்தது. கடைசி மூச்சு வரை விடவில்லை. பெற்ற மகனுக்குக்கூட அந்தக் கொடுப்பினை இல்லை.