ரிப்ளை கார்டில் எழுதாத பதில்

கூட்டத்துக்குத் தலைமை வகிக்கும் ஊராட்சித் தலைவர் அவர்களே, தலைமையாசிரியர் அவர்களே, இந்த மலையின் வளப்பூர் நாட்டிலிருந்தும் திண்ணனூர் நாட்டிலிருந்தும் நடந்தும் பஸ் பிடித்தும் வந்திருக்கிற பெரியோர்களே, தாய்மார்களே, உங்களுக்கு என் வணக்கம். மேடையில் இன்னொருவர் இருக்கிறார். முள்ளுக்குறிச்சியில் தோட்டமும் நாகப்பட்டினத்தில் படகுகளும் வைத்திருக்கும் தனசேகரன் அவர்கள், என் முதலாளி. அவருக்கு நான் வணக்கம் சொல்லவில்லை. மறதியால் அல்ல, வேண்டுமென்றேதான் விட்டேன்.

சற்று முன் அவர் என்ன பேசினார்? "சின்னுசாமி நல்ல மனுசனுங்க. மெசின மாட்டுனதுல தெரியாம ஒரு தப்புப் பண்ணிப்போட்டாரு. போய்ச் சேந்தவரு மேல என்னத்துக்குங்க கோவம், நான் மன்னிச்சுட்டனுங்க." இப்படிச் சொல்லிவிட்டுப் படத்துக்கு மாலை போட்டார். நீங்களும் தலையை ஆட்டினீர்கள். நான் கேட்கிறேன், யாரை யார் மன்னிப்பது? செய்யாத தப்புக்கு மன்னிப்பு வாங்கிக்கொண்டா அந்த மனிதர் போக வேண்டும்?

நான் ராசாமணி. முதலாளியின் படகுத்துறையில் பதினோரு வருடமாக மேஸ்திரி. மறைந்த ரேடியோ மெக்கானிக் சின்னுசாமி அவர்களோடு ஆறு வருடம் வேலை செய்தவன். அந்த ஆறு வருடத்தில் அவரோடு சண்டை போடாத வாரம் கிடையாது. இரங்கல் கூட்டம் என்பதற்காக அவர் சாந்தமானவர், சிரித்த முகம் என்றெல்லாம் அளக்க மாட்டேன். மகா சிடுமூஞ்சி. அவர் வேலையில் யாராவது கை வைத்தால் கிட்டத்தில் நிற்க முடியாது.

அவர் மாட்டிய பெட்டி என்னவென்று இங்கே பாதிப்பேருக்குத் தெரியாது. தெரியாமலே அவரை ஏசினீர்கள், அதனால் சொல்கிறேன். நாவ்டெக்ஸ் என்று பெயர். புயல் வருகிறது, இந்தப் பக்கம் போகாதே என்று கரையிலிருந்து அனுப்பும் சேதியைக் காற்றில் பிடித்து, பஸ் டிக்கெட் போலச் சின்னச் சுருள் காகிதத்தில் தானே அடித்துக் கொடுக்கும். சேதி நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை வரும். இதன் ஏரியலை மற்ற ஏரியலுக்குப் பக்கத்தில் வைக்கக் கூடாது, இரும்புக் கயிறு உரசக் கூடாது. கேபின் லைட்டோடு சேர்த்து கரண்ட் கொடுக்கக் கூடாது. எவனாவது லைட்டை அணைக்கும்போது பெட்டியும் செத்துப் போகும். பாட்டரியிலிருந்து அதற்கென்று தனி ஒயர், தனி ஃபியூஸ் போட்டவர் சின்னுசாமி. சேதி இங்கிலீசில் வருமே, நம் ஆட்களுக்கு என்ன புரியும்? எந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம், எதைக் கண்டால் திரும்பி வர வேண்டும் என்று தமிழில் எழுதி, பெட்டிக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்தவரும் அவர்தான்.

கிளம்புவதற்கு முதல் நாளே பெட்டியைப் போட்டுவிட வேண்டும், திரும்பி வரும்வரை அணைக்கக் கூடாது என்பது அவர் சட்டம். ஒரு தடவை, தூங்க விடாமல் கத்துகிறது என்று டிரைவர் முரளி பெட்டியை அணைத்துவிட்டான். சின்னுசாமி படகிலேயே உட்கார்ந்துகொண்டார். "தூக்கம் பெருசுன்னா ஊட்டுல போயித் தூங்குங்க கண்ணு. பேப்பர் வந்தாத்தான் கயித்த அவுக்க உடுவேன்." ஐஸ் உருகுகிறது என்று நான் கெஞ்சினேன், திட்டினேன், அடிக்கக்கூடப் போனேன். மனிதர் அசையவில்லை. மூன்று மணி நேரம் கழித்துக் காகிதம் வந்தது. சூறைக்காற்று எச்சரிக்கை. அன்றைக்குப் படகு போகவில்லை, முரளி இன்றைக்கும் உயிரோடு இருக்கிறான். அவனைப் பெற்ற பாப்பாயி அம்மாள் அதோ முன்வரிசையில் இருக்கிறார். இந்தக் கதையை இதற்கு முன் யாராவது உங்களிடம் சொன்னார்களா அம்மா?

இப்போது ஆயுத பூசைக்கு வருகிறேன். இந்த வருடம் சின்னுசாமி காய்ச்சலோடு மலைக்கு வந்திருந்தார். "படகெல்லாம் பளபளன்னு இருக்கோணும் ராசாமணி," என்றார் முதலாளி. மூன்று படகுக்கும் சில்வர் பெயிண்ட் அடித்தோம். கம்பம், கைப்பிடி, விளக்குத்தண்டு, கடைசியில் அந்த ஏரியல் உட்பட. ஏரியலுக்கு எந்தப் பெயிண்டும் ஆகாது என்று சின்னுசாமி நூறு தடவை சொல்லியிருக்கிறார். சில்வர் பெயிண்டில் இருப்பது அலுமினியப் பொடி. அது மூடிவிட்டால் பெட்டிக்குக் காது அடைத்துப் போகும். ஆனால் லைட் எரியும். டெஸ்ட் பட்டனை அழுத்தினால் ஒழுங்காக அச்சடிக்கும். பார்க்கிறவனுக்குப் பெட்டி நன்றாக இருப்பதாகத்தான் தெரியும். காகிதம் வரவில்லையா, கடல் அமைதியாக இருக்கிறது என்று நினைத்துக்கொள்வான்.

அப்படி நினைத்துத்தான் ஐப்பசியில் இரண்டாம் நம்பர் படகு போனது. ஐந்து பேர். அதில் ஒருவர் உங்கள் சின்னராசு. படகும் வரவில்லை, ஆளும் வரவில்லை.

விசாரணைக்கு வந்த அதிகாரியிடம் முதலாளி என்ன எழுதிக் கொடுத்தார்? மெக்கானிக் ஏரியலைத் தப்பாக மாட்டிவிட்டார் என்று. சின்னுசாமியை வேலையை விட்டு நிறுத்தினார்கள். காய்ச்சல் தேறித் திரும்பியவரைத் துறைக்குள் கால் வைக்க விடவில்லை. அவர் மலைக்கு வந்தார். நீங்கள் என்ன செய்தீர்கள்? ரிப்பேருக்குக் கொடுத்திருந்த ரேடியோவையெல்லாம் திரும்ப வாங்கிக்கொண்டு போனீர்கள். டீக்கடையில் அவர் உட்கார்ந்தால் பக்கத்தில் இருந்தவர் எழுந்து போனார். அஞ்சு பேரைக் கொன்றவன் என்று அவர் மனைவி கலைச்செல்வியின் காது படப் பேசினீர்கள். ஒன்றரை மாதம் அப்படிப் பேசிவிட்டு, போன செவ்வாய்க்கிழமை நெஞ்சுவலியோடு பஸ்ஸில் மலை இறங்கும்போது வழியிலேயே அவர் உயிர் போனதும், இன்றைக்குப் பந்தல் போட்டு உட்கார்ந்திருக்கிறீர்கள். வெட்கமாக இல்லையா?

முறைக்காதீர்கள். உங்களைவிடக் கேடுகெட்டவன் ஒருவன் இருக்கிறான், அவனைப் பற்றித்தான் சொல்ல வருகிறேன்.

கார்த்திகை மாதம் எனக்குச் சின்னுசாமியிடமிருந்து ஒரு ரிப்ளை கார்டு வந்தது. ஒன்றோடு ஒன்று ஒட்டிய இரண்டு கார்டு. ஒன்றில் நமக்குக் கடிதம், இன்னொன்று நாம் பதில் எழுதிக் கிழித்துப் போட. அந்தப் பதில் கார்டில் தன் விலாசத்தையும் அவரே எழுதி அனுப்பியிருந்தார். படிக்கிறேன். "ராசாமணி அண்ணனுக்கு வணக்கமுங்க. பூசைக்கு ஏரியலுக்கும் பெயிண்ட் அடிச்சீங்களா? மூணாம் நம்பர் படகுல சுரண்டி எடுத்துட்டுப் பாருங்க. பேப்பர் வந்துச்சா வல்லியான்னு ஒரு வார்த்தை எழுதுனாப் போதுமுங்க. மத்தது நான் பாத்துக்கறேன். சின்னுசாமி."

நான் சுரண்டினேன். ஏரியலுக்குப் பெயிண்ட் அடிக்க ஆளை ஏற்றிவிட்டவனே நான்தானே. அவர் சொன்ன சட்டம் தெரிந்தும், சீக்கிரம் வேலை முடியட்டும் என்று ஏற்றிவிட்டவன். காலையில் சுரண்டினேன். மத்தியானச் சாப்பாட்டுக்கு உட்காரும்போது பெட்டி கத்தியது. காகிதம் வந்தது. நான் அந்தப் படகிலேயே உட்கார்ந்து அழுதேன்.

முதலாளியிடம் போய்ச் சொன்னேன். என்ன சொன்னீர்கள் முதலாளி? "நாளைக்கு ஆபீசர் வாராரு. ஒண்ணு மட்டும் வெள்ளையா நின்னா ஏன்னு கேப்பாரு. மறுபடியும் அடிச்சு உட்ரு." இல்லையென்று சொல்லுங்கள் பார்க்கலாம். நான் மறுபடியும் அடித்தேன். அந்தக் காகிதம் சட்டைப்பையில் கிடந்து வெளுத்துவிட்டது, அதில் இப்போது ஓர் எழுத்தும் இல்லை. இந்தக் கார்டுக்கும் பதில் போடவில்லை. இரண்டு பெண் பிள்ளைகள், இந்த வயதில் வேறு வேலை யார் தருவார்கள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஒரு வார்த்தைக்காக அந்த மனிதர் தினமும் தபால்காரரை எதிர்பார்த்து ரோட்டில் நின்றாராம். நேற்று கலைச்செல்வி சொல்லித்தான் தெரிந்தது.

தலைவரே, மைக்கை வாங்காதீர்கள். மைக் இல்லாவிட்டாலும் எனக்குக் குரல் இருக்கிறது. இன்னும் கொஞ்சம்தான்.

வியாழக்கிழமை ஒன்றாம் நம்பரும் மூன்றாம் நம்பரும் கடலுக்குப் போகின்றன. இரண்டிலும் ஏரியல் இன்னும் சில்வர் பெயிண்டில்தான் நிற்கிறது. பாப்பாயி அம்மா, உங்கள் முரளி மூன்றாம் நம்பரில் இருக்கிறான். சின்னுசாமி அவர்களுடைய வேலையைத் தொடர்வோம் என்று இந்த மேடையில் நாலு பேர் உறுதி சொன்னார்கள். என்ன வேலை என்று தெரியாமல் சொன்னார்கள். நான் தெரிந்து சொல்கிறேன். நாளைக் காலை முதல் பஸ்ஸில் மலை இறங்குகிறேன். துறைமுக அதிகாரி கண் முன்னால் இரண்டு ஏரியலையும் சுரண்டப் போகிறேன். இங்கே சொன்னதையெல்லாம் அவரிடம் எழுதி, என் தப்பையும் சேர்த்து எழுதி, கையெழுத்துப் போடப் போகிறேன். பேப்பர் வரும்வரை எந்தப் படகின் கயிற்றையும் அவிழ்க்க விட மாட்டேன், படகிலேயே உட்காருவேன். வேலை போனால் போகட்டும், ஜெயிலென்றால் ஜெயில். பிள்ளையைப் படகுக்கு அனுப்பியவர்கள் யாராவது என்னோடு வருவதென்றால் வாருங்கள். பாப்பாயி அம்மா எழுந்துவிட்டார், அது போதும்.

முதலாளி, அந்த மாலையை நீங்களே எடுத்து விடுங்கள். நான் எடுத்தால் நன்றாக இருக்காது.

கலைச்செல்வி அம்மா, இந்தப் பதில் கார்டை உங்கள் கையில் கொடுக்க வேண்டும். விலாசம் அவர் கையெழுத்து. இன்று காலையில்தான் நான் எழுதினேன், தபாலில் போட நேரமில்லை. நீங்கள் அவர் படத்துக்கு முன்னால் படியுங்கள். இரண்டே வார்த்தைதான்.

"வந்துச்சு சின்னுசாமி."