ஆறுமணிக்குருவி வந்த சாயங்காலம்

பறவைகளைப் படமெடுக்க விலை உயர்ந்த லென்ஸ் வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அசையாமல் உட்காரத் தெரிந்தால் போதும். நான் அதைச் செடிகளிடம் பழகினேன். துடியலூரில் எங்கள் பக்கத்து வீட்டுச் சென்னிமலை மாமாவின் தோட்டத்தில் செம்பருத்தி, சங்குப்பூ, பாகற்கொடி என்று ஒரு வருடம் எடுத்துத் தள்ளினேன். செடிகள் நல்ல பிள்ளைகள். நிற்கச் சொன்ன இடத்தில் நிற்கும்.

மாமா மில்லில் மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்றவர். தோட்டத்தையே எனக்குத் திறந்து விட்டிருந்தார். தொண்ணூற்றாறு ஐப்பசியில் அங்கே ஓர் ஆறுமணிக்குருவி வந்து சேர்ந்தது. விடியும்போதும் பொழுது சாயும்போதும் கூப்பிடும். பச்சை, நீலம், சிவப்பு என்று உடம்பெல்லாம் நிறம். ஆனால் சருகுக்குள்ளேயே நடமாடும். ஆள் அசைந்தால் போய்விடும். அதற்குப் புழு கிடைக்க வேண்டும், எனக்குப் படம் கிடைக்க வேண்டும் என்று மாமா சப்போட்டா மரத்தடிச் சருகைக் கூட்ட விடாமல் தினமும் தண்ணீர் தெளித்தார். "இனி ஊடு கூட்டோணும்னாலும் அந்தக் குருவியத்தான் கேக்கோணுமாட்ட இருக்குதுங்க" என்பார் மாமாவின் மனைவி நாச்சியம்மாள் அத்தை.

கேமரா கல்லூரி போட்டோ கிளப்புடையது. மறுநாள் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். அன்று சாயங்காலம் நான் மறைவுக்குக் கட்டிய சாக்குப் படுதாவுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்த மாமா திடீரென்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மரத்தடியில் உட்கார்ந்தார். பனியனெல்லாம் வேர்வை. அவருக்கு இருதயக் கோளாறு உண்டு. நாக்கடியில் ஒரு மாத்திரை வைத்தால் சரியாகிவிடும் என்பது தெருவுக்கே தெரியும். எனக்கும் தெரியும். மாத்திரை இருந்த சட்டை, என் தலைக்கு மேல் கொய்யாக் கிளையில் தொங்கியது.

அந்த நேரம் பார்த்துத்தான் குருவி சுவரோரம் வந்தது.

"கண்ணு, சட்டைப் பையில மாத்தரை இருக்குது. எடுத்துக் குடு சாமி."

"ஒரு நிமிசமுங்க மாமா. அசையாதீங்க, வந்துருச்சு" என்றேன். மரியாதையாகத்தான் சொன்னேன்.

அவர் மறுபடி கேட்டார். இந்த முறை 'மாத்தரை' என்ற ஒரு சொல் மட்டும். குருவி தலையைத் தூக்கியது. நான் உதட்டில் விரலை வைத்துக் காட்டினேன். அவருக்குப் புரிந்திருக்க வேண்டும்; அதன்பின் பேசவில்லை. சமையலறையில் அத்தை தேங்காய் துருவும் சத்தம் கேட்டது. கூப்பிட்டிருக்கலாம்தான். கூப்பிட்டால் குருவி இருக்குமா, நீங்களே சொல்லுங்கள்.

மாமா பக்கவாட்டில் சாய்ந்தார். ஒரு கை சருகின்மேல் நீண்டு, கொஞ்ச நேரம் அசைந்து, நின்றது. வெளிச்சம் குறைவு; அவர் அசைந்துகொண்டே இருந்திருந்தால் ஒரு படமும் தேறியிருக்காது. குருவி தத்தித் தத்தி வந்து, அவருடைய விரல் அருகே ஒரு புழுவைக் கொத்தி இழுத்தது. ரோலில் மிச்சமிருந்ததையெல்லாம் எடுத்தேன். அது பறந்த பிறகு அத்தையைக் கூப்பிட்டேன். நன்றாகச் சத்தம் போட்டே கூப்பிட்டேன்.

இன்னும் பத்து நிமிடம் முன்னால் கொண்டுவந்திருந்தால் என்றார் டாக்டர். டாக்டர்களுக்கு எப்போதும் பத்து நிமிடம் முன்னால்தான்.

கல்லூரிக் கண்காட்சியில் அந்தப் படத்துக்கு முதல் பரிசு. மனிதனின் கையை ஒரு காட்டுப் பறவை இவ்வளவு நம்பியதை நான் பார்த்ததில்லை என்று நடுவர் மேடையில் நெகிழ்ந்தார். நானும் கைதட்டினேன்.

ஒரு பிரதியை அத்தையிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். வெகுநேரம் பார்த்தார்.

"அவரு கைதானே இது" என்றார். பிறகு, "போற நேரத்துல என்னமாச்சும் கேட்டாரா கண்ணு?"

"ஒண்ணும் கேக்கலைங்க அத்தை. குருவியப் பாத்துட்டே இருந்தாருங்க."

பக்கத்தில் நீயாவது இருந்தாயே என்று என் தலையைத் தடவிக் கொடுத்தார். நடந்ததைச் சொல்லியிருக்கலாம். ஆனால் ஒரு மனுஷியின் மனசை நோகடிக்கும் அளவுக்கு நான் ஈரமில்லாதவன் அல்ல.