ஆரியங்காவு ஏத்தத்துக்கு பிரீமியம்

மசூது: ...அதத்தான் கேக்குதேன் பானு. டேங்க் எப்படிட்டி காலியாச்சு?

பானு: எனக்கென்ன தெரியும் மச்சான்? முள்ளு அடியில கெடக்கு. அதான் டீசல் போட பங்குக்கு வந்தோம்.

மசூது: வாரத்துக்கு ஒருக்கா நம்ம குத்துக்கல்வலசைல எடுத்து, தென்காசி பஸ் ஸ்டாண்ட ஒரு சுத்து சுத்திட்டு வீட்டுல கொண்டு போடணும். பேட்டரி எறங்கிரக் கூடாதுன்னு அவ்வளவுதான் சொன்னேன். அதுக்கு ஒரு டேங்க் டீசலா? அது சின்ன காருட்டி. லாரி இல்ல.

பானு: வண்டி குடிச்சிருக்கும்.

மசூது: வண்டியா குடிச்சுது? உன் தம்பி ஹம்தான் கூட்டாளிகள ஏத்திக்கிட்டு ஐந்தருவிக்குப் போயிருப்பான். அவன்ட்ட போனைக் குடு.

பானு: அவன்... டயருக்குக் காத்துப் பிடிக்கான்.

மசூது: பிடிப்பான், பிடிப்பான். மச்சான் துபாய் வெயில்ல வேவுதேன். மச்சினன் என் கார்ல குளிக்கப் போறான்.

பானு: பொறாமையப் பாரு!

மசூது: பொறாமதான். ...சாரல் விழுதா?

பானு: காலைல இருந்து விழுது. மலையே தெரியல.

மசூது: கண்ணாடிய எறக்கிட்டு போன வெளிய நீட்டு. ...இன்னும் கொஞ்சம்.

பானு: கேக்குதா?

மசூது: பஸ் ஹாரன் கேக்குது.

பானு: சாரலுக்கு ஏது மச்சான் சத்தம்? மூஞ்சில விழுந்தாத்தான் உண்டு.

மசூது: ம்... மூஞ்சிலதான் விழணும்.

முத்துச்செல்வி: எக்கா, டீசல்தானே? சாதாவா, பிரீமியமா?

பானு: இரும்மா முத்துச்செல்வி, கேட்டுச் சொல்லுதேன்.

மசூது: யாரு அது?

பானு: பங்குல டீசல் போடுத புள்ள.

மசூது: பேரெல்லாம் தெரிஞ்சி வச்சிருக்க?

பானு: அது... சட்டைல எழுதிருக்கு. அத விடுங்க. சாதாவா, பிரீமியமா?

மசூது: இதுக்கெல்லாமா போன் போடுவ?

பானு: நீங்கதான மச்சான் சட்டம் போட்டது? நீங்க அங்க இருக்கும்போது சாதா. நீங்க வரும்போது, ஏர்போர்ட்டுக்கு வண்டி அனுப்ப பிரீமியம்.

மசூது: வருசம் பூரா சும்மா கெடக்குற வண்டிலா. இஞ்சின் அடைச்சிருக்கும். பிரீமியம் போட்டா கழுவி விட்டுரும். திருவனந்தபுரம் போயிட்டு வரும்போது ஆரியங்காவு ஏத்தத்துல என்னமா இழுக்கும் தெரியுமா!

பானு: பங்குக்காரன் சொன்னான், நீங்க நம்புனீங்க.

மசூது: நெசமாட்டி. போன தடவ நா வந்தப்ப வண்டி பறந்துச்சா இல்லையா?

பானு: பறந்துச்சு. அதுக்கு டீசல் காரணம் இல்ல மச்சான்.

மசூது: ஏட்டி... பங்குல வச்சு...

பானு: சொல்லுங்க. அடுத்த மாசம் வாரீங்கள்லா? இப்பமே பிரீமியம் போட்டுரவா?

மசூது: சாதாவே போடு.

பானு: ஏன்?

மசூது: இல்ல... ரெண்டுக்கும் பெரிய வித்தியாசம் கெடையாதாம். எங்க ரூம்ல ஒரு மெக்கானிக் இருக்கான், சொன்னான்.

பானு: இத்தன வருசமா இருந்த வித்தியாசம் இன்னைக்கு எங்க போச்சு?

முத்துச்செல்வி: எக்கா, பங்குல போன் பேசக் கூடாதுக்கா. எங்க முதலாளி என்னயத்தான் ஏசுவாரு. பின்னால ஆட்டோ வேற நிக்கி. வண்டிய ஓரமாப் போட்டுட்டுப் பேசுங்க.

பானு: இந்தா, எடுத்துட்டேன். மச்சான், கட் பண்ணிராதீங்க...

மசூது: ஹம்தான் காத்துல்லா பிடிக்கான்? வண்டி நவுருத சத்தம் கேக்குது. யாரு எடுக்கா?

முத்துச்செல்வி: ஸ்டியரிங்க ஒடிங்கக்கா... இன்னும் ஒடிங்க... ஆங், போதும் போதும்!

மசூது: பானு! யாருட்டி ஓட்டுதா?

பானு: ...நாந்தான்.

மசூது: நீயா?

பானு: ஹம்தான் கடைக்குப் போயிட்டான். இன்னைக்கு எங்கூட வரவே இல்ல. கத்துக்கிட்டேன் மச்சான். லைசென்சும் வந்துட்டு.

மசூது: ஸ்கூட்டிக்கே பயப்படுவியே! என்ட்ட ஏன் சொல்லல?

பானு: நீங்க வார அன்னைக்கு ஏர்போர்ட் வாசல்ல நா மட்டும் சாவிய ஆட்டிக்கிட்டு நிக்கணும். நீங்க முழிக்கத நா பாக்கணும். அதான் சொல்லல.

மசூது: என் பொண்டாட்டியா இது...

பானு: ஒவ்வொரு தடவையும் முன்னால நீங்களும் ஹம்தானும். பின்னால நானு, மாமி, நம்ம மக ஹுஸ்னா, பெட்டி சட்டி. ரெண்டு வருசம் கழிச்சு வார மனுசனோட பிடரியப் பாத்துக்கிட்டே வீடு வரைக்கும் வாரேன். ஒரு தடவையாவது நீங்க எம்பக்கத்துல உக்காந்து வரணும் மச்சான். ஒங்க மூஞ்சிய நா பக்கத்துல பாக்கணும்.

மசூது: பானு... சாதாவே போடு.

பானு: காரணத்தச் சொல்லுங்க.

மசூது: லீவு இல்லட்டி. என் எடத்துக்கு வர வேண்டிய ஆளு வரல. அடுத்த வருசச் சாரலுக்குத்தான் கம்பெனிக்காரன் விடுவானாம்.

பானு: எப்ப சொன்னான்?

மசூது: போன மாசமே. வெள்ளிக்கெழம வாரேன்னு சொல்லிட்டு, அதுக்கு மொத நாளு வரலைன்னேன்லா... அப்பமே தெரியும். அடுத்த மாசம்னு ஒனக்குச் சும்மா சொல்லி வச்சேன். முழுசாச் சொல்ல எனக்கு வாய் வரல.

பானு: அப்ப அடுத்த மாசமும் இல்லையா மச்சான்?

மசூது: அழுதியா?

பானு: கண்ணாடிய எறக்கி வச்சிருக்கேன். மூஞ்சி பூரா சாரல்.

மசூது: அடுத்த சாரலுக்கு வந்துருவேன். நீதான் வரணும் ஏர்போர்ட்டுக்கு, வேற யாரும் வேண்டாம். நா ஒம்பக்கத்துலதான் உக்காருவேன். ஒரே ஒரு கவலதான்... ஆரியங்காவு ஏத்தம். அந்த வளைவுல எல்லாம் நீ எப்படிட்டி தனியா ஓட்டிட்டு வருவ?

முத்துச்செல்வி: எக்கா, எடம் காலியாயிட்டு! என்ன போட?

பானு: பிரீமியம்மா! டேங்க் நெறைய போடு!

மசூது: ஏட்டி, நாந்தான் வரலைங்கேன்ல? வண்டிக்கு ஆரியங்காவுல இப்ப என்ன சோலி?

பானு: டேங்க் எப்படிக் காலியாச்சுன்னு கேட்டீங்கள்லா மச்சான்... ஆரியங்காவு ஏறித்தான் காலியாச்சு. ஏறி எறங்கி ஏறி எறங்கிப் படிச்சேன். நீங்க வரலைன்னு சொன்ன அந்த வெள்ளிக்கெழமயும் ஏர்போர்ட் வரைக்கும் போனேன். பிரீமியம் போட்டு வச்சாச்சு, மனசு கேக்கல... ஒங்க பிளைட்ல வந்த கடைசி ஆளு வெளிய வார வரைக்கும் சாவிய வச்சிக்கிட்டு அங்கனயே நின்னேன். திரும்பி வரும்போது பக்கத்து சீட்டுக்கும் பெல்ட்ட மாட்டி விட்டுட்டுத்தான் வண்டிய எடுத்தேன்.