சோறு ஆறிப்போற ஜெபம்

இல்ல தங்கச்சி, தாப்பாவுல எனக்கு வீடு இல்ல. ஜெலாப்பாங்தான் நம்ம வீடு. இப்ப இந்த பஸ்ஸுல அங்கதான் போறேன், கதவு தொறக்குமான்னுதான் தெரியல. அத அப்புறம் சொல்றேன். டாக்டரு சொன்னாருன்னு தாப்பாவுல கூட்டாளி மகேந்திரன் வீட்டுல கொஞ்ச நாளு ஓய்வு. பழைய எஸ்டேட்டு. பால்மரத்தையெல்லாம் வெட்டிட்டு செம்பனை போட்டுட்டாங்க, ஆனா காத்து மட்டும் அதே காத்து லா. தின்னேன், தூங்குனேன், எழுந்து மறுபடியும் தின்னேன். வயித்தப் பாரேன்.

ஆமா, வேதக்காரன்தான். கழுத்துல சிலுவையப் பாத்துட்டியா? வம்பே அதாலதான் வந்துச்சு. மொத நாளு மத்தியானம், மகேந்திரன் சம்சாரம் குமுதா கோழிக்கறி ஆக்கி வச்சிட்டு, அண்ணே, நீங்க சாப்பிடறதுக்கு முன்னாடி ஜெபம் பண்ணுவீங்கல்ல, எங்களுக்கும் சேத்துப் பண்ணுங்கன்னு கையக் கூப்பிக்கிட்டு உக்காந்துட்டா. அவங்க முருக பக்தருங்க. மரியாதைக்குக் கேக்குறாங்க, மாட்டேன்னு சொல்ல முடியுமா?

எனக்கு என்னா ஜெபம் தெரியும்? முப்பது வருசமா எங்க வீட்டுல என் சம்சாரம் புனிதாதான் பண்ணுவா, நான் ஆமென் மட்டும் போடுவேன். அவ ஜெபம் லேசுல முடியாது. மழைக்கு ஸ்தோத்திரம், வெயிலுக்கு ஸ்தோத்திரம், அடுப்புல கேஸு தீராததுக்கு ஸ்தோத்திரம், பாசார்ல மீன் வெட்டிக் குடுத்த சீனப் பொண்ணு ஆ மோய்க்காக ஸ்தோத்திரம். சோறு ஐஸாயிடும்!

கண்ண மூடுனேன். வாயில அவ ஜெபம்தான் வருது. மழை, வெயிலு, கேஸு, ஆ மோய்... எங்க நிறுத்துறதுன்னு தெரியல. கடைசியில, என் வீட்டுக்காரரக் குடுத்ததுக்குக் கோடி ஸ்தோத்திரம், அவரு மொகத்த நாளைக்கும் நான் பாக்கணும் ஆண்டவரேன்னு சொல்லிட்டேன் லா!

சிரி, சிரி. மகேந்திரன் சிரிச்சு சிரிச்சு இருமலே வந்துருச்சு. யாருண்ணே உங்க வீட்டுக்காரருன்னு குமுதா கேக்குறா.

நானும் சிரிச்சேன். ஆனா அந்தக் கடைசி வரி, முப்பது வருசமா காதுல விழுந்திருக்கு, ஒரு நாளும் நான் கேக்கல பாரு. கண்ண மூடிக்கிட்டு, மீனு ஆறுதேன்னு உக்காந்திருக்கேன். அன்னியிலேருந்து தெனமும் அதே ஜெபம்தான். இப்ப குமுதாவும் ஆ மோய்க்காக ஆமென் போடுறா.

அவள ஏன் கூட்டிட்டு வரலியா? சரி, உங்கிட்ட என்னா மறைக்கிறது. டாக்டரு ஓய்வெல்லாம் சொல்லல. அது மகேந்திரனுக்காகச் சொன்னது. சண்ட லா. அவ ஜெபம் பண்ணிக்கிட்டு இருக்கும்போதே மீன எடுத்து வாயில போட்டேன், கண்ணத் தொறந்து பாத்துட்டா. கடவுளுக்கு என்னா மறதியா, தெனமும் ஒப்பிக்கிறியேன்னு கேட்டுட்டேன். அதோட ஜெபத்த நிறுத்திட்டா. பேச்சும் நின்னு போச்சு. தட்ட வச்சிட்டு உள்ள போயிடுவா. நானும் வீம்புக்குப் பையத் தூக்கிட்டு வந்துட்டேன். இப்ப போன் போட்டா எடுக்க மாட்டேங்குறா.

எனக்கா வடை? அட, சூடா இருக்கே. இரு தங்கச்சி, கடிச்சிறாத. சின்னதா ஒண்ணு சொல்லிக்கிறேன்.

ஆண்டவரே, வடைக்கு ஸ்தோத்திரம். இந்தத் தங்கச்சிக்காக ஸ்தோத்திரம். காம்பார் வரைக்கும் மழை இல்லாம கொண்டு வந்ததுக்கு ஸ்தோத்திரம். என் புனிதாவக் குடுத்ததுக்குக் கோடி ஸ்தோத்திரம். அவ மொகத்த இன்னைக்கே நான் பாக்கணும். கதவ மட்டும் தொறக்க வையும், மத்தத நான் பேசிக்கிறேன். ஆமென்.

சாப்பிடு தங்கச்சி, ஆறிப்போச்சு.