கையை எடுக்காத மாணவியும் வழி கேட்ட நர்ஸம்மாவும்

செவிலியர் பள்ளி விழாவின் தலைமைப் பொறுப்பேற்றுத் தகைமையோடு வீற்றிருக்கும் தலைவர் அவர்களே! முன்வரிசையில் முகம் மலர்ந்திருக்கும் மூத்தோர்களே! பெற்ற மகளைப் பிறர் பிணி தீர்க்க அனுப்பிய தாய்மார்களே! வெள்ளுடையில் விளங்கும் மாணவச் செல்வங்களே! கரும்பு விவசாயி தனசேகரனின் கனிவான வணக்கம்!

இந்த மேடையேற எனக்கென்ன தகுதி? மறியலில் மரம் வெட்டிப் போட்டவன் நான். சிரிக்காதீங்க, அந்தக் கதையைத்தான் சொல்ல வந்தேன்.

எண்பத்தேழு செப்டம்பர். படிப்பிலே இடம் கொடு, பதவியிலே பங்கு கொடு என்று இட ஒதுக்கீடு கேட்டு, மலையடிவாரச் சாலையில் மரத்தை வெட்டிக் குறுக்கே போட்டுக் குந்தியிருந்தோம். கரியாலூரிலிருந்து ஒரு ஜீப் வந்து நின்றது. உள்ளே, அப்போதுதான் பிள்ளை பெற்ற பெரியநாயகி, நிற்காத உதிரப்போக்கு. கூட இருவர். ஒன்றரை வருடம் பயின்ற கிராம நர்ஸ் தைலம்மாள். பட்டணத்தில் நான்கு வருடப் பட்டம் படித்துக்கொண்டே மலைக்குப் பயிற்சிக்கு வந்த மாணவி ஷாலினி.

தைலம்மாள் குதித்து இறங்கினார். "தம்பி தனசேகரு! உன் தங்கச்சிக்கு நான்தான பிரசவம் பாத்தேன்? வழி வுடுப்பா!"

ஷாலினி இறங்கவில்லை. எங்களைத் திரும்பிப் பார்க்கவுமில்லை.

"இன்னா, படிச்ச திமிரா?" என்று கத்தினான் என் பக்கத்திலிருந்த கூட்டாளி பாவாடை.

நான் ஜீப்புக்குள் எட்டிப் பார்த்தேன். அவள் கை பெரியநாயகியின் அடிவயிற்றை அழுத்திப் பிசைந்துகொண்டிருந்தது.

"கையை எடுத்தா கர்ப்பப்பை தளர்ந்துடும் அண்ணா. எனக்குக் கெஞ்சத் தெரியல. தூக்குங்க!"

தூக்கினோம்! வெட்டிய கைகளால் தூக்கினோம்! மரத்தைத் தாண்டித் தூக்கினோம்! மறுபக்கம் நின்ற டிராக்டரில் ஏற்றினோம். கையை எடுக்காமலே கூட ஏறினாள் ஷாலினி.

அங்கே ஒரு அம்மா கேட்கிறார், "பொழைச்சாளா?" பொழைச்சா தாயே, பொழைச்சா!

எனக்குத்தான் மனசு ஆறவில்லை. ஒரே உயிர், ஒரே ஜீப்; ஒருவர் ஊரைப் பார்த்தார், ஒருவர் உதிரத்தைப் பார்த்தார். ஏன்? மலையேறிப் போய்க் கேட்டேன்.

"வூடு வூடா போய்ப் பேசுன்னுதான் எங்களைப் பழக்குனாங்க" என்றார் தைலம்மாள். "வயித்த அழுத்துன்னும் சொன்னாங்க. ஏன்னு மட்டும் சொல்லல. இந்தப் பொண்ணுதான் சொல்லிக் குடுத்துச்சி."

ஷாலினி சொன்னாள்: "எங்களுக்கு ஏன்னு நூறு பக்கம் இருக்கு. ஜனங்ககிட்ட எப்படிப் பேசறதுன்னு ஒரு பக்கம் இல்ல."

கல்லூரியில் அனுமதி கேட்டு வாங்கி, மேலும் ஒரு மாதம் அங்கேயே தங்கி, தைலம்மாள் பின்னாலேயே வீடு வீடாக நடந்தாள் அந்தப் பெண்.

தோழர்களே! இடம் கேட்டோமே, எந்தப் படிப்புக்கு? பட்டம் தரும் படிப்புக்கா? பழக்கம் தரும் படிப்புக்கா? பயின்றவர் மனத்தை எது எப்படி வார்க்கிறது என்று ஒருவராவது கேட்டோமா? இதோ, மூன்றாம் வரிசையில் என் மகள் குஞ்சம்மாள் இருக்கிறாள். "நர்ஸ் பட்டமா, கிராம நர்ஸ் படிப்பா, எதுல சேரட்டும்பா?" என்றாள். நான் சொன்னேன்: "எதுல வேணா சேரும்மா. ஆனா மத்த படிப்பு படிச்சவங்களுக்கு என்ன சொல்லிக் குடுத்தாங்கன்னு வெக்கப்படாம கேளு!"

பொறுமையோடு செவி கொடுத்த உங்களுக்கு நெஞ்சார்ந்த நன்றி. வணக்கம்!